சிக்கடீயின் இரவு, கார்டினலின் சிவப்பு: வட அமெரிக்கக் கொல்லைப்புறப் பறவைகள்

டொராண்டோ, நியூ ஜெர்சி, சிகாகோ என்று வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் எங்கே குடியிருந்தாலும் சரி, கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, சூரியகாந்தி விதை நிரப்பிய ஃபீடரைத் தொங்கவிட்டால் சில வாரங்களுக்குள் ஏழெட்டு வகைப் பறவைகள் வந்து சேர்ந்துவிடும். கறுப்புத் தொப்பி வைத்த சிக்கடீ, தலைகீழாக மரத்தில் இறங்கும் நட்ஹாட்ச், சின்ன மரங்கொத்தி, கார்டினல், புளூ ஜே, ஹவுஸ் ஃபிஞ்ச், கீழே சிந்தியதைப் பொறுக்கும் ஜுங்கோவும் புறாவும். பனிக்கு நடுவே இவை மொய்ப்பதைப் பார்த்தால், நாம் போடும் தீனியால்தான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன என்றே தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் 1980களில் சிக்கடீக்களை ஆராய்ந்தார்கள். ஃபீடர் எப்போதும் நிறைந்திருந்த இடத்துப் பறவைகள்கூட, அன்றாடம் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொண்டன. மற்றதெல்லாம் மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சி முட்டைகள், சிலந்திகள், காட்டு விதைகள். பல ஆண்டுகள் தீனி வைத்துப் பழக்கிய இடத்தில் ஃபீடரை எடுத்துவிட்டும் பார்த்தார்கள். அங்கிருந்த பறவைகள், ஃபீடரையே கண்டிராத பறவைகளுக்குச் சமமாகப் பிழைத்தன. எனவே ஊருக்குப் போயிருக்கும்போது இரண்டு வாரம் ஃபீடர் காலியாகக் கிடந்தால் மனம் உறுத்த வேண்டியதில்லை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் பல நாட்கள் நீடிக்கும் மாதங்கள் மட்டும் வேறு. அத்தகைய குளிர்காலத்தில் தீனி கிடைத்த சிக்கடீக்களில் 69 சதவீதமும், கிடைக்காதவற்றில் 37 சதவீதமும் பிழைத்தன.

ஃபீடர் பெரும்பாலும் நாம் பார்த்து மகிழ்வதற்காக. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: நம் மகிழ்ச்சிக்காக வைக்கும் பொருளால் பறவைக்குத் தீங்கு வராமல் இருக்க என்ன செய்வது? அதற்கு ஒவ்வொரு பறவையும் எப்படி வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

11 கிராம் உடம்பு, நீண்ட இரவு

சிக்கடீயின் எடை 11 கிராம் அளவு. பகல் முழுக்கத் தின்று சேர்த்த கொழுப்பை அன்றிரவே எரித்துத் தீர்க்கிறது; காலையில் மறுபடி முதலிலிருந்து தொடக்கம். பகலில் 42 டிகிரியாக இருக்கும் உடல் வெப்பத்தைக் கடுங்குளிர் இரவில் 10, 12 டிகிரி குறைத்துக்கொண்டு ஆற்றலை மிச்சம் பிடிக்கும்.

ஃபீடரில் அது நின்று தின்னாது. ஒரு விதையை எடுக்கும், பறந்துவிடும், மறுபடி வரும். எடுத்துப் போனதில் ஒரு பகுதியைப் பட்டை இடுக்கிலும் காய்ந்த இலைச் சுருளிலும் ஒளித்து வைக்கிறது. ஒரு மறைவிடத்துக்கு ஒரு விதை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இப்படி ஒளிக்கும். பல வாரங்கள் கழித்தும் இடத்தை நினைவு வைத்து எடுக்கிறது. இட நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், குளிர் கடுமையான வட பகுதிச் சிக்கடீக்களிடம் பெரிதாக இருக்கிறது. நிரப்பிய ஃபீடர் ஒரே நாளில் காலியாகிறதே என்று வியப்பவர்கள் அணிலை மட்டும் சந்தேகிக்க வேண்டாம்.

அதன் 'சிக்-அ-டீ-டீ-டீ' என்ற கூவலில் செய்தி இருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, கூண்டில் இருந்த சிக்கடீக்களுக்கு வெவ்வேறு வேட்டைப் பறவைகளைக் காட்டிப் பதிவு செய்தது. சின்ன ஆந்தையைக் கண்டால் கடைசி 'டீ'க்களின் எண்ணிக்கை கூடியது. பெரிய கொம்பன் ஆந்தைக்குக் குறைந்தது. காரணம் எளிது. பெரிய ஆந்தையால் வளைந்து நெளிந்து சிக்கடீயைத் துரத்திப் பிடிக்க முடியாது. சின்ன ஆந்தைதான் எமன். நட்ஹாட்சுகள் இந்தக் கூவலை ஒட்டுக்கேட்டு, ஆபத்தின் அளவை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்கின்றன. குளிர்காலத்தில் சிக்கடீ, நட்ஹாட்ச், சின்ன மரங்கொத்தி எல்லாம் ஒரே கூட்டமாகத் திரிவதில் இந்தக் காவல் பயனும் அடங்கியிருக்கிறது.

நட்ஹாட்ச் தலைகீழாக இறங்குவது வேடிக்கைக்கு அல்ல. கீழிருந்து மேலே ஏறும் மரங்கொத்தியின் கண்ணுக்குப் படாத பட்டை இடுக்குகள் மேலிருந்து இறங்கினால் தெரியும்.

ஃபீடருக்கு வரும் மரங்கொத்திகளில் டவுனி, ஹேரி என்ற இரண்டும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுபோலவே இருக்கும். அலகைப் பாருங்கள். தலையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் என்றால் டவுனி. ஏறக்குறைய தலையளவு நீளமாக இருந்தால் ஹேரி. மரங்கொத்தியின் மண்டை ஓட்டில் அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு போன்ற அமைப்பு இருப்பதாகப் பாடப்புத்தகம் முதல் ஹெல்மெட் விளம்பரம் வரை சொல்லிவந்தார்கள். 2022-இல் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து அளந்ததில், அலகும் மண்டையும் ஒரே விறைப்பான சுத்தியலாகத்தான் இயங்குகின்றன என்று தெரிந்தது. அதிர்ச்சியை உறிஞ்சினால் கொத்தும் வலுவும் குறையுமே. மூளை மிகச் சிறியது என்பதால்தான் அதற்குக் காயம் படுவதில்லை.

வசந்தத்தில் விடியற்காலையில் தகர நீர்த்தாரையில் டகடகவென்று கேட்டால் வீட்டு மரத்தில் கரையான் என்று பயப்பட வேண்டாம். அது பாட்டுக்குப் பதிலான முழக்கம்: 'இது என் இடம்' என்ற அறிவிப்பு. உலோகம் நன்றாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். மரச்சுவரில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் விழுந்தால் மட்டும் உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மரங்கொத்திக்குப் பிடித்தது சூவெட் என்ற மாட்டுக் கொழுப்புக் கட்டி. குளிர்காலத்தில் தாராளமாக வைக்கலாம். கோடையில் அது உருகிச் சிக்கு வாடை பிடிக்கும், மார்பு இறகில் ஒட்டிக்கொள்ளும்; உருகாத வகை கிடைக்காவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது.

எந்த விதை, எந்த இடம்

ஒரே ஒரு விதை வாங்குவதானால் கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி. தோல் மெல்லியது, கொழுப்பு அதிகம், சின்ன அலகுக்கும் உடைபடும். மலிவான கலவைப் பைகளில் சிவப்புச் சோளத்தை எடைக்காகச் சேர்த்திருப்பார்கள். கிழக்குப் பகுதிப் பறவைகளில் பலவும் அதைத் தள்ளிவிட்டு மற்றதைத் தின்னும். தள்ளியது தரையில் ஊறிப் பூஞ்சை பிடித்து எலியை அழைக்கும். மலிவு என்று நினைத்தது பாதிக்குமேல் குப்பைக்குப் போகும். சூரியகாந்தித் தோல் குவிந்த இடத்தில் புல் முளைக்காமல் போவதும் வழக்கம். அதில் மற்ற செடிகளை அடக்கும் வேதிப்பொருட்கள் உண்டு. அவ்வப்போது வாரிக் கொட்டுங்கள்.

கோல்ட்ஃபிஞ்சுக்கு 'நைஜர்' என்ற மெல்லிய கறுப்பு விதை விற்கிறார்கள். நம் ஊரில் பேயெள்ளு என்று சொல்கிற அதே விதை. எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதியாகிறது. களை விதைகள் கூடவே வந்து முளைத்துவிடக் கூடாது என்பதற்காக 120 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கியே அமெரிக்காவுக்குள் விடுகிறார்கள். எண்ணெய் மிகுந்த விதை என்பதால் சீக்கிரம் காறிப்போகும். கோல்ட்ஃபிஞ்ச் திடீரென்று வராமல் போனால் முதலில் விதையைக் கிள்ளிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

அணிலைத் தடுக்க ஐந்து-ஏழு-ஒன்பது என்ற கணக்கு உண்டு. தரையிலிருந்து குறைந்தது 5 அடி உயரம், பக்கத்து மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ 7 அடி, மேலே தொங்கும் கிளைக்கு 9 அடிக் கீழே. கம்பத்தில் கூம்புத் தடுப்பும் வேண்டும். இந்த மூன்று அளவில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண். கரடி நடமாடும் பகுதி என்றால் வசந்தம் முதல் இலையுதிர்காலத்தின் இறுதிவரை ஃபீடரே கூடாது.

சிவப்பு எங்கிருந்து, நீலம் எங்கிருந்து

அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் கார்டினலைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. வேறெந்தப் பறவைக்கும் இந்த எண்ணிக்கை இல்லை. ஆணின் சிவப்பு உணவிலிருந்து வருகிறது. பழங்களிலும் விதைகளிலும் உள்ள மஞ்சள் கரோட்டினாய்டு நிறமிகளை ஒரு நொதி சிவப்பாக மாற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணு பழுதானால் மஞ்சள் கார்டினல் பிறக்கும். எப்போதாவது ஒன்று தென்பட்டு உள்ளூர்ச் செய்தியாகும். பெண் கார்டினலும் பாடும் என்பது பலருக்குத் தெரியாது. தென்பகுதிப் பறவையாக இருந்த இது, புறநகர்த் தோட்டங்களையும் ஃபீடர்களையும் பிடித்துக்கொண்டு வடக்கே நகர்ந்து இன்று தெற்கு ஒன்டாரியோவில் சாதாரணமாகிவிட்டது. குளிர்காலத்தில் தெற்கே போய்வரும் வழக்கமும் அதற்குக் கிடையாது. இருக்கிற இடத்திலேயே ஆண்டு முழுக்க.

வசந்தத்தில் ஆண் கார்டினல் ஜன்னல் கண்ணாடியை மணிக்கணக்கில் மோதினால் அதற்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. தன் பிம்பத்தை எதிரி என்று நினைக்கிறது. உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் சோப்பைத் தேய்த்தோ தாள் ஒட்டியோ மறைக்க வேண்டும்.

புளூ ஜேயின் இறகில் நீல நிறமியே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. உதிர்ந்த இறகை நசுக்கினால் பழுப்பாகிவிடும். நசுக்குவதற்காக எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றால், சட்டப்படி கூடாது. 1918-இன் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் உள்நாட்டுப் பறவைகளின் இறகு, கூடு, முட்டை எதையும் வைத்திருக்க அனுமதிப்பதில்லை. தொப்பிகளில் சொருகும் இறகுக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த காலத்தில் பிறந்த சட்டம் அது.

புளூ ஜே சண்டைக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தாலும் காட்டுக்கு அது தோட்டக்காரன். விர்ஜீனியாவில் நடந்த ஆய்வில் சுமார் 50 புளூ ஜேக்கள் 28 நாட்களில் 1,50,000 ஓக் கொட்டைகளைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தன. எடுக்க மறந்தவை முளைக்கும். பனியுகம் முடிந்தபின் ஓக் மரங்கள் அவ்வளவு வேகமாக வடக்கே பரவியதில் இந்தப் பறவைக்குப் பெரும் பங்குண்டு என்று கருதுகிறார்கள்.

ஃபீடரே நோய்க்கூடமாகும்போது

ஹவுஸ் ஃபிஞ்ச் உண்மையில் மேற்குப் பகுதிப் பறவை. 1940 வாக்கில் நியூயார்க்கில் 'ஹாலிவுட் ஃபிஞ்ச்' என்ற பெயரில் கூண்டுப் பறவையாகச் சட்டவிரோதமாக விற்றார்கள். அதிகாரிகள் நெருங்கியதும் வியாபாரிகள் லாங் ஐலண்டில் பறக்கவிட்டுவிட்டார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் சந்ததிதான் அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு முழுக்கப் பரவியது.

1994-இல் வாஷிங்டன் நகரைச் சுற்றிய பகுதியில் கண் வீங்கிய ஃபிஞ்சுகள் தென்பட்டன. கோழிகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இந்தப் பறவைக்குத் தாவியிருந்தது. சில ஆண்டுகளில் கிழக்கு முழுவதும் பரவிக் கோடிக்கணக்கான ஃபிஞ்சுகளைக் கொன்றது. குழாய் ஃபீடரின் துளைக்குள் தலையை விட்டுத் தின்னும்போது வீங்கிய கண் விளிம்பில் உரசுகிறது. அடுத்த பறவையும் அதே விளிம்பில் உரசும். 2020-21 குளிர்காலத்தில் பைன் சிஸ்கின் என்ற சிட்டுகள் வடக்கிலிருந்து பெருங்கூட்டமாக இறங்கியபோது சால்மொனெல்லா இதேபோல் எச்சம் வழியாகப் பரவியது. பல மாநிலங்களில் ஃபீடரை எடுக்கச் சொன்னார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முற்றிலும் காயவைக்க வேண்டும். தேய்க்காமல் நேராக பிளீச்சில் போடுவது பொதுவான தவறு. அழுக்குப் படிவத்தின் அடியில் கிருமி தப்பிவிடும். ஈரத்தோடு விதையை நிரப்பினால் அடியில் கட்டியாகிப் பூஞ்சை வரும். உப்பிய இறகோடு, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல், கண் ஒட்டிப்போய் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அன்றே எல்லா ஃபீடரையும் இறக்கி, குறைந்தது இரண்டு வாரம் வைக்காமல் இருங்கள். பரிதாபப்பட்டு அதற்குத் தனியாகத் தீனி போட்டால் நோய்தான் பரவும்.

ஊர்க்குருவியும் கூட்டுப்பெட்டியும்

சென்னையிலும் மதுரையிலும் குறைந்துவிட்டதே என்று நாம் வருந்தும் அதே சிட்டுக்குருவியை 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 60 ஸ்டார்லிங்குகளை விட்டார்கள். நம் மைனாவின் குடும்பம். இரண்டும் கண்டம் முழுக்கப் பரவி, மரப்பொந்தில் கூடு கட்டும் புளூபேர்டை வெளியேற்றின. சிட்டுக்குருவி பெட்டிக்குள் புகுந்து தாய்ப் பறவையையே கொத்திக் கொல்லும். இந்த இரண்டுக்கும் 1918 சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. பெட்டியில் சிட்டுக்குருவி கட்டிய கூட்டை எடுத்துப் போடலாம்.

புளூபேர்டுக்கான பெட்டியில் துளை ஒன்றரை அங்குலம். அதற்குமேல் போனால் ஸ்டார்லிங் நுழையும். சிட்டுக்குருவி இந்த அளவிலும் நுழைந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கத்தான் வேண்டும். சிக்கடீக்கும் ரென் என்ற சின்னப் பறவைக்கும் ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவாக, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் இருந்தால் சிட்டுக்குருவி நுழைய முடியாது. கடையில் அழகுக்கு விற்கும் பெட்டிகளில் துளைக்குக் கீழே ஒரு குச்சி நீட்டியிருக்கும். பொந்துப் பறவைக்கு அது தேவையே இல்லை. எதிரிக்குத்தான் உட்கார இடம். பிடுங்கிவிடுங்கள். முக்கால் அங்குலப் பலகை, உள்ளே வண்ணம் பூசாமை, அடியில் நீர் வடியத் துளை, மேலே காற்றிடுக்கு, கம்பத்தில் பூனையும் பாம்பும் ஏறாத தடுப்பு. இவ்வளவும் இல்லாத பெட்டியை வைக்காமல் இருப்பதே மேல்.

புல்வெளி ராபின்

ராபின் விதை ஃபீடருக்கு வராது. அதன் மேடை புல்வெளி. தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தால் காது கொடுப்பதுபோல் இருக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மண்ணைப் பார்க்கவே அப்படிச் சாய்க்கிறது. ஆனால் 1997-இல் வெளியான ஒரு சோதனையில், புதைத்த புழுக்களைப் பார்வையும் மணமும் உதவாத நிலையிலும் ராபின் கண்டுபிடித்தது. ஆகவே காதும் உதவுகிறது. சுவையான சங்கதி என்னவென்றால், பனிப்பாறை மூடிக்கிடந்த வட பகுதிகளில் உள்நாட்டு மண்புழுவே இல்லை. ராபின் இன்று அங்கே இழுப்பது பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த புழுக்களை.

அந்தப் புழுதான் அதற்கு எமனும் ஆயிற்று. 1950களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களைக் காப்பாற்ற டி.டி.டி. தெளித்தார்கள். மருந்து படிந்த இலை உதிர்ந்தது, புழு அதைத் தின்றது, புழுவைத் தின்ற ராபின்கள் துடித்துச் செத்தன. புல்வெளிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் இந்தச் சங்கிலியை மறக்கக் கூடாது.

ராபின் குஞ்சு பிறந்து சுமார் 13 நாளில், சரியாகப் பறக்கத் தெரியாமலேயே கூட்டை விட்டுக் குதித்துவிடும். தரையில் தத்தும் புள்ளி மார்புக் குஞ்சை அனாதை என்று வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள். பெற்றோர் அருகிலேயே இருக்கும். பூனையை உள்ளே அடைத்தால் போதும்.

ஹம்மிங்பேர்டும் சர்க்கரையும்

கிழக்கில் இனப்பெருக்கம் செய்யும் ஒரே ஹம்மிங்பேர்ட் செங்கழுத்து வகை. எடை சுமார் 3 கிராம். சிறகு நொடிக்கு 50 முறைக்குமேல் அடிக்கும். வலசையில் பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டரை, எங்கும் நிற்காமல் கடக்கின்றன.

பாகு செய்முறை: ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர். கரைத்து ஆறவைத்தால் போதும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பிரவுன் சர்க்கரை வேண்டாம். அவற்றிலுள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேன் பூஞ்சையை வளர்க்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை. ஃபீடரின் சிவப்பே கண்ணில் படும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கலங்கினாலோ நூல்போலக் கறுப்பு மிதந்தாலோ உடனே. ஃபீடரை இலையுதிர்காலத்திலும் விட்டுவைத்தால் பறவை வலசை போகாது என்பது கட்டுக்கதை. புறப்படும் நேரத்தைப் பகல் நீளம் தீர்மானிக்கிறது.

கண்ணாடியும் மரமும்

அமெரிக்காவில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2014-இல் கணித்தார்கள். வீடுகளின் பங்கு அதில் பெரியது. ஃபீடர் ஜன்னலுக்கு 3 அடிக்குள் இருந்தால் பறவை வேகம் பிடிப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும்; மோதினாலும் சாகாது. பதினைந்து இருபது அடித் தூரம்தான் ஆபத்து. கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வீதம் ஒட்டினால் மோதல் பெருமளவு குறையும். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கரால் பயனில்லை. அதை விட்டு விலகிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வெளியே திரியும் பூனைகள் கொல்வது இன்னும் அதிகம்: அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி.

1970-லிருந்து வட அமெரிக்கா 290 கோடிப் பறவைகளை இழந்தது என்று 2019-இல் கணக்கிட்டார்கள். குளிர்கால ஃபீடரில் சாதாரணமாகத் தெரியும் ஜுங்கோவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஃபீடர் விதையால் இந்தச் சரிவை நிறுத்த முடியாது. விதை தின்னும் பறவைகளில் பெரும்பாலானவை குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான். ஓர் ஈட்டுச் சிக்கடீக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் போவதற்குள் 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வேண்டும். கோல்ட்ஃபிஞ்ச் மட்டும் விலக்கு. குஞ்சுக்கும் விதையே ஊட்டும். அதன் கூட்டில் கௌபேர்ட் திருட்டுத்தனமாக முட்டையிட்டாலும் அந்தக் குஞ்சு விதையை மட்டும் தின்று சில நாளில் செத்துவிடும்.

புழு உள்நாட்டு மரத்தில்தான் கிடைக்கும். கிழக்கின் ஓக் மரங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைப் புழுக்கள் வளர்கின்றன. ஆசியாவிலிருந்து வந்து தெருவோரம் நிற்கும் கிங்கோவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வாஷிங்டன் புறநகர்களில் நடந்த ஆய்வின்படி, தோட்டத்துத் தாவர அளவில் 70 சதவீதமாவது உள்நாட்டு வகையாக இருந்தால்தான் கரோலினா சிக்கடீக்கள் தங்கள் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள முடிகிறது. ஓக் நடுபவர்கள் கவனிக்க இன்னொன்று: அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை கீழே விழுந்து சருகுக்குள்ளோ மண்ணுக்குள்ளோதான் கூட்டுப்புழுவாகின்றன. இலையுதிர்காலத்தில் சருகை ஒன்றுவிடாமல் கூட்டிப் பையில் கட்டி வெளியே வைத்தால், அடுத்த வசந்தத்துக்கான தீனி நகராட்சி வண்டியில் போய்விடும். புல்வெளியில் கிடப்பதை வாரி மரத்தடியிலேயே பரப்பி விடலாம்.